அம்மாவின் சாம்பலை வைகையில் கரைத்துவிட்டோம், அவர் எப்படி எழுந்திருப்பார்?

12 ஏப்ரல் 2025, இரவு 9.10 – கேள்வி, ஆரப்பாளையத்திலிருந்து ஒரு வாசகர்

எங்கள் அம்மா 2021 மே மாதம் கொரோனாவில் இறந்தார். கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடைக்க இரண்டு நாள் ஆகும் என்றார்கள். காத்திருக்கிற நிலைமை இல்லை. தத்தனேரி மின்மயானத்தில் எரித்தோம். சாம்பலை அண்ணன் வைகையில் கரைத்துவிட்டார். எங்கள் சொந்தத்தில் பாதிப் பேர் இந்துக்கள், அவர்களுக்கு அது இயல்பான காரியம். போன வாரம் ஒரு ஜெபக்கூட்டத்தில் ஒருவர், "எரிச்ச உடம்புக்கு உயிர்த்தெழுதல் கிடையாது, எலும்பாவது மிஞ்சணும்" என்று சொன்னார். அதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. ஆராதனையில் எல்லோரும் சேர்ந்து சொல்லும் விசுவாசப் பிரமாணத்தில் 'சரீரம் உயிர்த்தெழுதலும்' என்ற இடம் வரும்போது வாய் நின்றுவிடுகிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

12 ஏப்ரல், இரவு 11.30

தம்பி, நீங்கள் முதலில் தூங்குங்கள். அவர் சொன்னது தவறு.

நீங்கள் ஆற்றைப் பற்றி எழுதியதால் எனக்கு உடனே ஞாபகம் வந்ததைச் சொல்கிறேன். கி.பி. 177இல், இன்று பிரான்சில் இருக்கும் லியோன் நகரத்தில் கிறிஸ்தவர்களைப் பிடித்துக் கொன்றார்கள். உடல்களை ஆறு நாள் வெளியே போட்டுவைத்துவிட்டு, எரித்துச் சாம்பலாக்கி, ரோன் ஆற்றில் தள்ளிவிட்டார்கள். வேண்டுமென்றே செய்தது அது. இவர்கள் செத்தாலும் எழுந்திருப்போம் என்று நம்புவதால்தானே பயமில்லாமல் சாகிறார்கள், சாம்பலே இல்லாமல் செய்துவிட்டால் அந்த நம்பிக்கை போய்விடும் என்று கணக்குப் போட்டார்கள். உயிர் தப்பிய விசுவாசிகள் அதை ஒரு கடிதமாக எழுதி ஆசியாவிலிருந்த (இன்றைய துருக்கிப் பக்கம்) சபைகளுக்கு அனுப்பினார்கள். நான்காம் நூற்றாண்டு ஆயர் யூசேபியஸ் தன் சபை வரலாற்றில் அதைச் சேர்த்துவைத்ததால் நமக்குக் கிடைத்தது. தங்கள் ஆட்களைப் புதைக்க முடியவில்லையே என்ற துக்கம் அதில் நிறைய இருக்கிறது. இனி அவர்கள் எழுந்திருக்க முடியாதே என்ற பயம் ஒரு வரியில்கூட இல்லை.

ஜெபக்கூட்டத்தில் பேசியவர் தெரியாமல் சொல்லியிருப்பார். ஆனால் அந்த வாதம் 177இல் யார் வைத்த வாதம் என்று பாருங்கள். சாம்பலை ஆற்றில் தள்ளியவர்கள் வைத்தது அது.

வெளிப்படுத்தின விசேஷம் 20:13இல் சமுத்திரம் தன்னிலுள்ள மரித்தோரை ஒப்புவித்தது என்று இருக்கிறது. கடலே ஒப்படைக்கும்போது வைகை ஒப்படைக்காதா? நாளை குருத்து ஞாயிறு, சீக்கிரம் எழவேண்டும். மீதியைப் பிறகு எழுதுகிறேன்.

13 ஏப்ரல், மதியம்

நேற்று எழுதியதைத் திரும்ப வாசித்தேன். கொஞ்சம் வேகமாகப் பதில் சொல்லிவிட்டேன். உங்கள் கேள்வி கேட்டதும் எனக்கு ஏன் அவ்வளவு படபடப்பு என்று யோசித்தேன்.

என் அம்மாவும் அதே மே மாதம்தான். நாங்கள் வாடிப்பட்டிப் பக்கம். எங்கள் வீட்டில் கத்தோலிக்கர், என்னைக் கட்டிக்கொடுத்த இடம் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை, புராட்டஸ்டண்ட்). அதனால் என் தமிழில் 'ஜீவன்', 'வாழ்வு' இரண்டும் கலந்துதான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். அம்மாவை ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். நான்காம் நாள் இரவு போன் வந்தது. போனபோது நீல நிறப் பையில் சுற்றி, ஜிப்பை இழுத்து மூடி, மேலே ஒரு சீட்டு ஒட்டியிருந்தார்கள். முகத்தைக் காட்டச் சொல்லிக் கெஞ்சினேன். விதி இல்லை என்றார்கள். அது அம்மாதான் என்று அந்தச் சீட்டைத் தவிர வேறு ஆதாரம் எனக்குக் கிடையாது. ஊர்க் கல்லறையில் புதைத்தோம். குழிக்குள் இறக்கியவர்கள் தன்னார்வப் பையன்கள் ஆறு பேர், அதில் மூன்று பேர் முஸ்லிம்கள். கயிற்றை அவ்வளவு நிதானமாக விட்டார்கள். தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலில் இறக்குவதுபோல இறக்கினார்கள்.

முகத்தைவிட எனக்குப் பார்க்கவேண்டும்போல இருந்தது அம்மாவின் வலது கட்டைவிரல். சின்ன வயதில் உலக்கை பட்டு நசுங்கிய விரல். நகம் நடுவில் பிளந்து, இரண்டு சின்ன நகங்கள் ஒட்டிவைத்ததுபோலத்தான் வளரும். பூண்டு உரிக்கும்போது அந்தப் பிளவில் தோல் மாட்டிக்கொள்ளும், ஊதி எடுப்பார். அந்த நகத்தைப் பார்த்திருந்தால் என் மனது ஆறியிருக்கும்.

எனக்குக் கல்லறை இருக்கிறது, உங்களுக்கு இல்லை. ஆனால் 'சரீரம்' என்ற சொல் வரும்போது என் வாயும் நிற்கும். அதனால்தான் பதில் அவ்வளவு வேகமாக வந்தது.

15 ஏப்ரல்

மூன்று பேர் திருச்சபைச் சட்டத்தைக் கேட்டிருக்கிறார்கள். ஒருவர், "அப்படியானால் கத்தோலிக்கத் திருச்சபை எரிப்பதை ஏன் தடை செய்திருந்தது?" என்கிறார். நியாயமான கேள்வி. எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

1886இல் ரோமிலிருந்து தடை வந்தது உண்மை. அந்தக் காலத்து ஐரோப்பாவில் எரிப்பதற்காக இயக்கம் நடத்தியவர்களில் பலர், செத்தால் எல்லாம் முடிந்தது என்று காட்டவே அதைச் செய்தார்கள். தடை அதற்கான பதில். எரித்தால் கடவுளால் எழுப்ப முடியாது என்று திருச்சபை போதித்ததே இல்லை. 1963இல், விசுவாசத்தை மறுக்கும் நோக்கம் இல்லாவிட்டால் எரிக்கலாம் என்று அனுமதி வந்தது. 2016இல் வந்த அறிவுரை, அடக்கம் செய்வதே சிறந்தது, எரித்தால் சாம்பலைப் புனிதமான இடத்தில் வையுங்கள், தூவவோ கரைக்கவோ வேண்டாம் என்கிறது.

ஆமாம் தம்பி, அந்தக் கடைசி வரியை உங்களிடம் மறைக்கக்கூடாது. ஆற்றில் கரைத்தது அந்த அறிவுரைப்படி அல்ல. ஆனால் அது அப்படிச் சொல்வதற்கு அவர்கள் தரும் காரணங்களையும் பாருங்கள். இறந்தவரை மறந்துவிடக்கூடாது, ஜெபத்தில் நினைக்க ஓர் இடம் வேண்டும், உடலை மதிக்கவேண்டும். அதே அறிவுரை, எரிப்பதால் கடவுள் உடலை எழுப்புவது தடைபடாது என்றும் தெளிவாகச் சொல்கிறது. நான்கு வருடம் கழித்தும் அம்மாவுக்காகத் தூக்கம் கெட்டு உட்கார்ந்திருக்கிற பிள்ளை அம்மாவை மறந்துவிட்டதாக யார் சொல்ல முடியும்? அந்த மே மாதத்தில் உங்கள் அண்ணன் தனக்குத் தெரிந்த மரியாதையைச் செய்தார். அவரோடு இது விஷயமாகச் சண்டை போடாதீர்கள்.

நம் பக்கத்திலேயே அருளானந்தர் (ஜான் தெ பிரிட்டோ) இருக்கிறார். மதுரை மிஷனின் இயேசு சபைக் குருவானவர். 1693 பிப்ரவரி 4ஆம் தேதி ஓரியூரில் தலையை வெட்டினார்கள். உடலை அடக்கம் செய்யவிடாமல் கம்பத்தில் கட்டி, பறவைக்கும் மிருகத்துக்கும் விட்டார்கள். 1947இல் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். ஓரியூருக்குப் போய்ச் செம்மண் எடுத்து வருகிற நம் சனங்களில் யாராவது, 'உடம்பு முழுசா இல்லையே, இவர் எப்படி எழுந்திருப்பார்?' என்று கேட்டு நான் பார்த்ததில்லை. புனிதருக்கு ஒரு நியாயம், நம் அம்மாவுக்கு ஒரு நியாயமா?

18 ஏப்ரல், பெரிய வெள்ளி

"விசுவாசி அழக்கூடாது, சாட்சி கெட்டுவிடும்" என்று ஒருவர் இங்கே எழுதியிருக்கிறார். இதற்கு மட்டும் நான் பொறுமையாகப் பதில் சொல்லமாட்டேன்.

என் அம்மாவின் குழிமேட்டில் நின்றபோது ஒரு அம்மா என் தோளைத் தட்டி இதையே சொன்னார். நான் வாயை மூடிக்கொண்டேன். அதற்குப் பிறகு எட்டு மாதம் என்னால் அழவே முடியவில்லை. ஒருநாள் மார்க்கெட்டில் பூண்டு வாங்கும்போது உடைந்து, ரோட்டில் நின்று அழுதேன்.

அப்போஸ்தலர் பவுல் தெசலோனிக்கே ஊர்ச் சபைக்கு எழுதியதை எடுத்துப் பாருங்கள். நம்பிக்கையற்றவர்களான மற்றவர்களைப்போலத் துக்கிக்காதபடி என்றார். துக்கிக்காதே என்று அங்கே எங்கே இருக்கிறது? நண்பன் லாசருவின் கல்லறைக்கு முன்னால் இயேசு கண்ணீர் விட்டார். ஐந்து நிமிடத்தில் அவனை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தே விட்டார். தெரிந்தவருக்கே அழுகை வந்ததென்றால், மரணம் சின்ன விஷயம் இல்லை என்று அர்த்தம். பவுல் அதைப் பகைஞன் என்றே சொல்கிறார், பரிகரிக்கப்படும் கடைசிச் சத்துரு. 'உடம்பு வெறும் சட்டை, கழற்றிப் போட்டுவிட்டு ஆத்துமா பறந்துபோயிற்று, அதனால் கவலையில்லை' என்று சமாதானம் சொல்கிறோமே, அது கேட்க அழகாக இருக்கிறது. பைபிளுடைய நம்பிக்கை அது மட்டும் இல்லை. உடம்பு சட்டை என்றால் கர்த்தர் அதை எழுப்ப வேண்டிய அவசியமே இல்லையே.

மூன்று மணி ஆராதனைக்கு நேரமாகிவிட்டது.

19 ஏப்ரல், சனி

இன்று எழுத ஒன்றும் இல்லை. என் தாத்தா எங்கள் ஊர்க் கோயில்பிள்ளை, மணி அடிப்பது முதல் கோயில் வேலையெல்லாம் பார்ப்பவர். பெரிய வியாழன் இரவோடு மணிக்கயிற்றைச் சுருட்டி மேலே மாட்டிவிடுவார். இரண்டு நாள் ஊருக்கு மணி கிடையாது, மரக்கட்டையைத் தட்டித்தான் கூப்பிடுவார். அந்த இரண்டு நாளில் யாராவது செத்தால் துக்க மணிகூட அடிக்கமாட்டார். ஒருமுறை அப்படி ஒரு சின்னப் பையன் இறந்துபோனான். அவனுடைய அப்பா வந்து தாத்தாவின் கையைப் பிடித்து, "ஒரே ஒரு மணி அடிங்கய்யா" என்று கேட்டார். தாத்தா கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். அடிக்கவில்லை. அன்று ராத்திரி உயிர்ப்புப் பூசையில் 'உன்னதங்களிலே' கீதம் பாடும்போது கயிற்றை அந்த அப்பாவின் கையில் கொடுத்துவிட்டார்.

எனக்கு அப்போது ஏழு வயது. அந்த மனுஷர் அழுதுகொண்டே மணி அடித்ததைப் பார்த்தேன்.

20 ஏப்ரல், காலை 4.50

பாஸ்கா விழிப்பு, அதாவது உயிர்ப்பு இரவுப் பூசை முடிந்து இப்போதுதான் வீட்டுக்கு வந்தோம். இன்னும் பத்து நிமிடத்தில் வீட்டுக்காரரோடு சி.எஸ்.ஐ. அதிகாலை ஆராதனை. இந்த வருடம் கிழக்கு (ஆர்த்தடாக்ஸ்) சபைகளுக்கும் இதே தேதியில்தான் பண்டிகை. மரித்தோர் உயிர்த்தெழுதலை எதிர்நோக்கியிருக்கிறோம் என்று எல்லோரும் சேர்ந்து சொல்லும் அறிக்கைக்கு அடிபோட்ட, ஆயர்கள் கூடிய நிசேயா சங்கம் 325இல் நடந்தது, இது 1700ஆவது வருடம்.

அதை விடுங்கள். ராத்திரி முழுக்க யோவான் 20ஆம் அதிகாரமே தலைக்குள் ஓடியது. தம்பி, உங்கள் கேள்வியை உங்களுக்கு முன்னால் ஒருத்தி கேட்டிருக்கிறாள்! மகதலேனா மரியாள் கல்லறைக்கு வெளியே அழுதுகொண்டு நிற்கிறாள். எதிரே நிற்பவரைத் தோட்டக்காரர் என்று நினைத்து, "அவரை வைத்த இடத்தை எனக்குச் சொல்லும்" என்கிறாள். அவளுக்கு வேண்டியது ஓர் இடம், ஓர் உடல். அதற்கு மேல் அவள் எதிர்பார்க்கவில்லை. அவர் இடத்தைச் சொல்லவில்லை. "மரியாளே" என்கிறார். அவ்வளவுதான். அவள் திரும்பிப் பார்த்து, "ரபூனி" என்கிறாள்.

காலியான கல்லறையைப் பார்த்து அவள் நம்பவில்லை. உடலைச் சுற்றிய சீலைகள் கிடந்ததை வைத்தும் நம்பவில்லை. தேவதூதர்களையே பார்த்தும் அழுகை நிற்கவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டபோதுதான் தெரிந்தது.

12ஆம் தேதி உங்களுக்கு லியோன் கதையைச் சொன்னேன், 15ஆம் தேதி சட்டம் சொன்னேன். இரண்டும் சரிதான். ஆனால் முதலிலேயே இதைச் சொல்லியிருக்கவேண்டும். உங்கள் அம்மாவைக் காப்பாற்றி வைத்திருப்பது எலும்போ, மண்ணோ, நாம் கட்டும் கல்லறையோ இல்லை. என் அம்மாவுடைய எலும்பும் கொஞ்ச காலத்தில் மண்ணாகத்தான் போகும். வேறு வேகத்தில் நடக்கும், அவ்வளவுதான். கூப்பிடப் போகிறவருக்குப் பெயர் தெரியும், ஆள் தெரியும், பிளந்த நகம் தெரியும். அவர் மறக்காதவரை உங்கள் அம்மா தொலைந்துபோகவில்லை.

கூப்பிடுகிறார்கள், போகிறேன். அல்லேலூயா!

22 ஏப்ரல்

போப் பிரான்சிஸ் நேற்றுக் காலை மறைந்தார். உயிர்ப்பு ஞாயிறு அன்று மாடத்தில் வந்து ஆசீர் கொடுத்தவர் மறுநாள் இல்லை. 88 வயது. இங்கே புதூர் கோயிலில் மாலை கூட்டம் நிறைந்திருந்தது. பூச்சாடிகளில் பண்டிகைப் பூ இன்னும் வாடவில்லை, அதற்கு நடுவில் அவர் படம்.

(29ஆம் தேதி சேர்த்தது: அவர் கல்லறை ரோமின் மரியா மஜ்ஜோரே பேராலயத்தில், தரையோடு தரையாக ஒரு கல், அதன்மேல் லத்தீனில் 'ஃபிரான்சிஸ்குஸ்' என்ற பெயர் மட்டும். பட்டம் எதுவும் இல்லை.)

27 ஏப்ரல்

இன்று தோமா ஞாயிறு, உயிர்த்த இயேசுவின் காயத்தைப் பார்த்தால்தான் நம்புவேன் என்ற சீஷனை நினைக்கும் நாள். மருந்து சாப்பிட்டுப் படுத்திருந்தவளை என் தம்பி மகள் வந்து எழுப்பினாள். ஆறு வயது. "அத்தை, மோட்சத்துல அப்பத்தாவுக்குப் பல்லு இருக்குமா? இல்ல பல்செட்டுதானா?" நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. அவளுக்கு அது உண்மையான கவலை. பல் இல்லாவிட்டால் அப்பத்தா முறுக்கு எப்படிச் சாப்பிடுவார்?

கொரிந்துச் சபையாரும் இதைத்தானே கேட்டார்கள், "எப்படிப்பட்ட சரீரத்தோடே வருவார்கள்?" என்று. பவுல் அவர்களைப் புத்தியீனனே என்று அதட்டினார். அவர்கள் கிண்டலாகக் கேட்டிருப்பார்கள். என் மருமகளை அவர் அதட்டியிருக்கமாட்டார்.

அவளை மடியில் வைத்துக்கொண்டு இன்றைய நற்செய்தியைச் சொன்னேன். எழுந்த இயேசு பூட்டிய கதவுக்குள் வந்து நிற்கிறார், அப்படியானால் பழைய உடம்பு மாதிரி இல்லை. ஆனால் கையில் ஆணித் தழும்பு இருக்கிறது, விலாவில் காயம் இருக்கிறது, அப்படியானால் அதே உடம்புதான். லூக்காவில் பொரித்த மீன் சாப்பிடுகிறார். யோவான் 21இல் கரி நெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்து, வந்து சாப்பிடுங்கள் என்று சீஷர்களைக் கூப்பிடுகிறார். வலையில் 153 மீன் என்று எண்ணிக்கைகூட எழுதிவைத்திருக்கிறார்கள். லாசரு எழுந்தது வேறு. அவன் பழைய வாழ்க்கைக்குத் திரும்பி வந்தவன், மறுபடியும் செத்திருப்பான். இவர் இனி சாவே இல்லாத பக்கத்துக்குப் போனவர். போனவர், தழும்பைக் கழற்றி வைத்துவிட்டுப் போகவில்லை.

"அப்ப முறுக்கு சாப்பிடலாம்" என்று அவளே முடிவுசெய்துவிட்டுப் போய்விட்டாள்.

நான் மறுபடியும் அந்த நகத்தை நினைத்தேன். பளபளவென்று புது விரலோடு ஒரு பெண் வந்து, 'நான்தான் உன் அம்மா' என்றால் எனக்கு அடையாளம் தெரியுமா? வலி போகட்டும். தழும்பு இருக்கட்டும். அந்த நகம் எனக்கு வேண்டும்.

14 மே

அழகர் ஆற்றில் இறங்கி இரண்டு நாள் ஆயிற்று, கோரிப்பாளையம் பக்கம் இப்போதுதான் பஸ் ஒழுங்காக ஓடுகிறது.

"மறுபிறப்பும் உயிர்த்தெழுதலும் ஒன்றுதானே, பெயர்தானே வேறு?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மதுரையில் இந்தக் கேள்வி பழசு. 1606இல் இங்கே வந்த இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலி, மறுபிறப்பை மறுத்துத் தமிழில் தனி நூலே எழுதினார். தர்க்கம் தர்க்கமாக அடுக்கினார். சிலப்பதிகாரத்தில் மதுராபதித் தெய்வம் கண்ணகியிடம், கோவலன் முற்பிறப்பில் சங்கமன் என்பவனைக் கொல்லக் காரணமாக இருந்தான், அந்த வினைதான் இப்போது வந்து ஊட்டியது என்று சொல்கிறது. இந்த மண்ணில் சாவுக்கு அப்படி விளக்கம் சொல்லிப் பழக்கம்.

எனக்குத் தர்க்கம் வராது. பக்கத்து வீட்டு அக்காவைப் பற்றிச் சொல்கிறேன். அவருடைய அம்மா இறந்த அடுத்த வருடம் அவருக்குப் பேத்தி பிறந்தாள். குழந்தையின் காதுக்குப் பின்னால் ஒரு மச்சம். "எங்கம்மாவுக்கும் இதே இடத்துலதான்" என்று எனக்குக் காட்டினார். அவர் கண்ணில் அவ்வளவு சந்தோஷம். நான் எதிர்த்துப் பேசவில்லை, குழந்தையை வாங்கிக் கொஞ்சினேன்.

ஆனால் வீட்டுக்கு வந்து யோசித்தால், எனக்கு அது போதாது. அந்தக் குழந்தைக்கு அக்காவைத் தெரியாது. அக்கா அவளுக்கு அம்மாச்சி, மகள் இல்லை. என் அம்மா வேறு வீட்டில், வேறு பெயரில், என்னைத் தெரியாமல் பிறந்து வளர்வதை நினைத்தால் எனக்கு இன்னொரு முறை பறிகொடுத்தது போலிருக்கிறது. கிறிஸ்தவ நம்பிக்கை அதைவிடப் பிடிவாதமானது. அதே ஆள், அதே உறவு, ஒரே வாழ்க்கை, அது முழுமையாக்கப்பட்டுத் திரும்பக் கிடைக்கும் என்கிறது. நம்பக் கஷ்டமானதுதான். ஏதென்ஸில் பவுல் மரித்தோரின் உயிர்த்தெழுதலைப் பற்றிச் சொன்னதும் சிலர் கேலி செய்தார்கள். அவர் அதைக் கொஞ்சம் குறைத்துச் சொல்லியிருந்தால் கேட்டிருப்பார்கள். குறைக்கவில்லை.

15 ஜூன்

ஊரில் இருக்கிறேன். அப்பா நாற்றங்காலுக்கு விதைநெல் தயார் செய்கிறார். 81 வயதிலும் இதை வேறு யாரிடமும் விடமாட்டார்.

தண்ணீரில் உப்பைக் கரைத்து ஒரு முட்டையைப் போடுவார். முட்டை மிதந்தால் உப்பு சரி. நெல்லைக் கொட்டினால் பதர் எல்லாம் மேலே மிதக்கும், அள்ளிக் கோழிக்குப் போட்டுவிடுவார். அடியில் தங்கியதை நல்ல தண்ணீரில் கழுவி, ஒரு நாள் ஊறவைத்து, ஈரச் சாக்கில் கட்டி, வைக்கோல் மூடி, மேலே ஒரு கல்லைத் தூக்கிவைப்பார். மறுநாள் கல்லை எடுத்துவிட்டுச் சாக்குக்குள் கையை விட்டால் உள்ளே சூடு. நெல் மூச்சு விடுகிற மாதிரி ஒரு புளித்த வாசனை. ஒரு பிடி அள்ளிப் பார்த்தால் ஒவ்வொரு நெல்லின் மூக்கிலும் வெள்ளையாக ஒரு முள்.

"நீ விதைக்கிற விதை செத்தாலொழிய உயிர்க்கமாட்டாதே" என்று பவுல் சொல்வது இதைத்தான். நெல் செத்து முளையாகிறது. நம் உடலும் அப்படியே. இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்!

17 ஜூன்

விவசாயத் துறையில் வேலை பார்க்கும் ஒரு வாசகர் திருத்துகிறார். விதை சாவதில்லை, உள்ளே கரு உயிரோடு உறங்குகிறது, செத்த விதை முளைக்கவே முளைக்காது என்கிறார். சரிதான். நான் ஆர்வத்தில் எழுதிவிட்டேன். கோழிக்குப் போட்ட பதர்தான் உண்மையில் செத்தது.

அப்பாவிடம் கேட்டேன். வெற்றிலையை மென்றுகொண்டே, "செத்தா மொளைக்காதுதான். ஆனா மொளச்சப்புறம் நெல்லத் தேடிப் பாரு, கெடைக்காது. உமிதான் கெடக்கும்" என்றார்.

இரண்டு நாளாக இதையே யோசிக்கிறேன். விதைக்குள் உயிர் ஒளிந்திருப்பதுபோல நமக்குள்ளும் சாகாத ஏதோ ஒன்று தானாகவே முளைக்கும் என்று எடுத்துக்கொண்டால், அது பவுல் சொன்னதாக ஆகாது. அடுத்த வசனங்களைத் தள்ளி வாசித்தேன். விதைக்குத் தேவன் தமது சித்தத்தின்படியே மேனியைக் கொடுக்கிறார் என்கிறார். எனக்கு இப்போது அந்தக் 'கொடுக்கிறார்' என்ற சொல்தான் பெரிதாகத் தெரிகிறது. விதையின் சாமர்த்தியம் இல்லை. நெல்லுக்கும் பயிருக்கும் உருவத்தில் சம்பந்தமே இல்லை, ஆனாலும் கருப்புக் கவுனி நெல்லை விதைத்தால் கருப்புக் கவுனிதான் வரும். வேறு உருவம், அதே ஆள். உவமை அவ்வளவு தூரம்தான் வரும். அதற்குமேல் பதருக்கும் உயிர் கொடுக்கிறவர் இருக்கிறார் என்று நம்பவேண்டியிருக்கிறது. மூன்றாம் நாள் அந்தத் தோட்டத்தில் நடந்தது பதர் முளைத்த கதைதான். அவர் உறங்கவில்லை, செத்துத்தான் போயிருந்தார்.

15ஆம் தேதிக் குறிப்பை அழிக்கவில்லை. வாசிப்பவர்கள் இதையும் சேர்த்து வாசியுங்கள்.

3 ஆகஸ்ட்

நித்திய ஜீவன் என்றால் முடிவே இல்லாமல் நீண்டுகொண்டே போவதா, சலிப்புத் தட்டாதா என்று கல்லூரியில் படிக்கும் பிள்ளை ஒருத்தி கேட்கிறாள். அம்மா, யோவான் 17:3 பார். அவரை அறிவதே நித்திய ஜீவன் என்று இருக்கிறது. நீளத்தைப் பற்றிய பேச்சே இல்லை. யோவான் 5:24இல், விசுவாசிக்கிறவன் ஏற்கெனவே மரணத்தைவிட்டு நீங்கி ஜீவனுக்குட்பட்டிருக்கிறான் என்று வருகிறது. செத்தபிறகு தொடங்குவது இல்லை அது.

இன்னொன்று. 1 கொரிந்தியர் 15 எப்படி முடிகிறது என்று பார்த்திருக்கிறீர்களா? மரணமே உன் கூர் எங்கே என்று முழங்கிவிட்டு, கடைசியில், உங்கள் பிரயாசம் கர்த்தருக்குள் விருதாவாயிராது என்கிறார். அடுத்த வரி, 16ஆம் அதிகாரம், தர்மப்பணம் சேர்ப்பது பற்றி! நான் சின்ன வயதில் இதைப் பார்த்து, இவ்வளவு உயரத்திலிருந்து இப்படிச் சடாரென்று காணிக்கைக்கு இறங்கிவிட்டாரே என்று நினைத்தேன். இப்போது அப்படித் தெரியவில்லை. உடம்புகள் எழுந்திருக்கும் என்று நம்புகிறவன்தான் பசித்த உடம்புக்கு அரிசி வாங்கப் பணம் சேர்ப்பான். அந்த ஆறு பையன்கள் கயிற்றை நிதானமாக விட்டார்களே, அந்தப் பிரயாசமும் விருதா இல்லை என்று நான் விசுவாசிக்கிறேன்.

28 அக்டோபர்

ஆரப்பாளையம் தம்பி இரண்டு மாதமாக ஒன்றும் எழுதவில்லை. இன்று தனியாக எழுதிக் கேட்டார். "அக்கா, கல்லறைத் திருநாள் வருது. எல்லாரும் வெள்ளையடிச்சுப் பூ வாங்கிட்டுப் போறாங்க. நான் எங்க போறது?"

எங்கள் ஊருக்கு வாங்க என்று எழுதினேன். அம்மா பெயரையும் அனுப்புங்கள், பூசைக்குக் கொடுக்கிறேன் என்றேன். ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. அவருடைய அம்மாவுக்கு இரண்டு பெயர். பிறந்த வீட்டில் வைத்த பெயர் ஒன்று, கல்யாணத்தின்போது ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று. கோயிலில் ஒன்றைச் சொல்வார்கள், அம்மாச்சி வீட்டில் மற்றதைச் சொல்வார்கள். "எதைக் கொடுக்கிறது? கர்த்தர் எதைச் சொல்லிக் கூப்பிடுவார்?" என்று கேட்டிருந்தார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. இரண்டையும் எழுதிக் கொடுத்தேன்.

2 நவம்பர் 2025, ஞாயிறு, இரவு

தம்பி வந்திருந்தார், அண்ணனையும் கூட்டிக்கொண்டு. இப்போதுதான் முதல் தடவையாக நேரில் பார்க்கிறேன். என்னைவிட உயரம், பேச்சு மட்டும் மெதுவாக வருகிறது. பூசை முடிந்து கல்லறைகளை மந்திரித்து ஆசீர்வதித்தபிறகு, கோயில்பிள்ளை பட்டியலை வாசித்தார். நானூறு பெயருக்கு மேல் இருக்கும். வேகமாக வாசித்துக்கொண்டே வந்தவர், என் அம்மா பெயருக்கு அடுத்ததாக அந்த இரண்டு பெயரும் வந்ததும் நிறுத்தி, சீட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், ஒன்றன்பின் ஒன்றாக நிதானமாகச் சொன்னார். பிறந்த வீட்டுப் பெயரைச் சொன்னபோது, கூட்டத்துக்குப் பின்னால் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்த அண்ணன், தன்னை அறியாமல் "ம்" என்றார்.

எங்கள் அம்மாவின் கல்லறைத் தலைமாட்டில் அவர்களுடைய மெழுகுவர்த்தியையும் வைத்தோம். காற்று விடவில்லை, இரண்டு தடவை அணைந்துவிட்டது. தம்பி சுற்றிப் பார்த்துவிட்டு, எங்கோ கிடந்த பாதிச் சிரட்டையை எடுத்துவந்து சுடருக்கு மறைப்பாக வைத்தார். நாங்கள் கிளம்பும்வரை எரிந்தது.